சாக்கு எண்ணெய்

முப்பத்து நான்கு வருஷம் நான் ராத்திரி விழித்துச் சம்பாதித்தவன். தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், டீமேக்கர் உத்தியோகம். மலையில் பகலெல்லாம் பறித்த கொழுந்து அந்தியில் ஸ்டோருக்கு வந்து சேரும். அதை விரித்து, காற்றுவிட்டு வாட்டி, சாமத்துக்குப் பிறகு அரைக்கப் போட்டு, விடியும்போது தூளாக இறக்கிப் பார்த்தால்தான் என் நாள் முடியும். ஊரார் எழுந்து பல் விளக்கும் நேரத்தில் நான் கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். அறுபது வயதில் மாலை போட்டு, கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். உடம்புக்கு மட்டும் யாரும் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை.

ராகலை டவுனுக்கு வெளியே, லீக்ஸ் மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன வீடு கட்டிக் குடிவந்தோம். பிள்ளை கல்யாணமாகிப் போய்விட்டாள். நானும் என் மனைவியும் மட்டும். அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விஞ்ஞானம் படித்துக் கொடுத்தவள். நான் ஓய்வுபெற்ற அதே வருஷம் அவளும் ஓய்வுபெற்றாள். அவளுக்கு ஓய்வு என்றால் தூக்கம். எனக்கு ஓய்வு என்றால் இருட்டில் வீட்டுக்குள் நடப்பது. இரண்டு மணிக்கு யாரோ சங்கு ஊதியதுபோல விழிப்பு வந்துவிடும். அடுப்படியில் கோப்பைகளை வரிசையாக அடுக்குவேன். தண்ணீர் கொதிக்க வைப்பேன். கதவின் கீல் கிறீச்சிட்டால் அப்போதே எண்ணெய் போடுவேன். "வீடு கட்டுனப்ப பேயையும் சேத்துக் கட்டிக்கிட்டேன் போலருக்கு" என்று அவள் காலையில் சிவந்த கண்ணோடு சொல்வாள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சாதிக்காய் போட்ட பால் குடித்தேன். வெந்நீரில் கால் வைத்தேன். நுவரெலியாவில் ஒரு டொக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு வாரம் போட்டேன். ஏழாம் நாள் காலையில் தேநீரில் உப்பைப் போட்டுக் கலக்கி, அது உப்பு என்று தெரியாமலே பாதி கோப்பை குடித்தேன். தேநீரைச் சுவைத்துத் தரம் சொல்லி, நாக்கை வைத்துப் பிழைத்தவனுக்கு அதைவிட அவமானம் வேறு கிடையாது. அந்த நாக்குக்காக நான் வாழ்நாளில் பீடி தொட்டதில்லை, வெற்றிலை போட்டதில்லை, கல்யாண வீட்டில்கூடச் சாராயத்தை மோந்து பார்த்ததில்லை. மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

ஓய்வுபெற்ற இரண்டாம் வருஷம் ஏப்ரலில் மகள் இங்கிலாந்திலிருந்து இரண்டு வாரம் வந்திருந்தாள். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருக்கிறாள். வயதானவர்களைத் தூங்கவைப்பது அவளுக்கு அன்றாட வேலை. புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழுப்புக் கண்ணாடிப் போத்தலை எடுத்துக் கொடுத்தாள். மூடியோடு சேர்ந்து ரப்பர் குமிழ் வைத்த ஒரு குழாய். அழுத்தினால் சொட்டுச் சொட்டாக விழும்.

"படுக்கிறதுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்ன நாக்குக்கு அடியில அஞ்சு சொட்டு விடுங்கப்பா. கொஞ்ச நேரம் வச்சிருந்து முழுங்குங்க. அங்க விட்டமின் மாத்திரை விக்கிற இடத்துலயே இதையும் வச்சி விக்கிறாங்க."

என்ன எண்ணெய் என்று கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னாள். தமிழில் என்ன என்று கேட்டதற்குக் கைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டு, "சணல்" என்றாள்.

சணல் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கயிறு. சாக்கு. சாக்கிலிருந்து எண்ணெய் எடுக்கிற அளவுக்கு வெள்ளைக்காரன் முன்னேறிவிட்டானா என்று கேட்டேன். மகள் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. போத்தலை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதில் பொடி எழுத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாக, விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு படித்தாள். படித்துவிட்டு அலுமாரியில் வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் சாக்கு எண்ணெய் என்று பெயர்.

மகள் இருக்கிறவரைக்கும் நான் அதைத் தொடவில்லை. அவளை நானுஓயாவில் ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாள், சும்மா பார்ப்போமே என்று போத்தலைக் கையில் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, பெயருக்குப் பக்கத்தில் மிளகளவுக்கு ஒரு இலைப் படம் அச்சிட்டிருந்தது தெரிந்தது. ஏழு விரல் விரித்த இலை.

நான் இலையோடு வாழ்ந்தவன். எந்த இலையையும் இரண்டாம் தரம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்து ஓடைக்கு மேலே, பற்றைக்குள், யாரோ ஒரு புண்ணியவான் பத்துப் பன்னிரண்டு செடி வளர்த்து வைத்திருந்ததைத் தோட்டமே கூடிப் பார்த்தது. அதே இலை. சணலாவது சாக்காவது, மகள் எனக்குக் கஞ்சாச் செடியின் பங்காளியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நியாயப்படி நான் பதறியிருக்க வேண்டும். பதறினேன்தான், ஒரு நிமிஷம். அதற்குப் பிறகு ஒரு சபலம் வந்தது. அறுபத்திரண்டு வயது வரைக்கும் ஒரு கெட்ட பழக்கமும் இல்லாமல் இருந்தவனுக்கு, அது தன் காலால் நடந்து, பெற்ற மகள் கையால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மனைவிக்குத் தெரிந்தால் அன்றோடு சரி. பள்ளிக்கூடத்தில் போதை ஒழிப்பு ஊர்வலத்துக்கு வருஷா வருஷம் முன்னால் பதாகை பிடித்துப் போனவள் அவள். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை, சொட்டு விடுவதற்குத் தவிர.

முதல் நாள் ஐந்து சொட்டை நாக்கின் அடியில் விட்டு, டீமேக்கர் தேநீரைச் சுவை பார்க்கிறபடியே காற்றோடு சேர்த்து உறிஞ்சினேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன். இது நம் நாட்டுச் சுவை அல்ல. குளிர் தேசத்துப் புல்வெளியின் பச்சை மணம் முன்னால் வருகிறது. நடுநாக்கில் ஒரு கசப்பு, அது கௌரவமான கசப்பு. கடைசியில் தொண்டையில் ஒரு துவர்ப்பு நிற்கிறது. அந்தத் துவர்ப்பு இங்கே எந்த இலைக்கும் கிடையாது. அவள் "அப்படியா" என்றாள். மறுபடி தொலைக்காட்சியைப் பார்த்தாள்.

அன்று நான் தூங்கினேன். கண் திறந்தபோது ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் வெயில் ஜன்னலுக்கு வருவதென்றால் எட்டு மணி ஆகியிருக்கும்.

அடுத்து வந்த நாட்களில் நான் ஒரு புது ஆளாகத் திரிந்தேன். வானிலை அறிக்கை வாசிக்கிற பெண் "சப்ரகமுவ மாகாணத்தில் இடையிடையே மழை" என்றதற்கு அடக்க முடியாமல் சிரித்தேன். ஐந்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு ஆறாவதைக் கேட்டேன். கோவில் ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. அதிலும் ஏதோ இனிமை இருக்கிறதென்று பட்டது. மிச்சக் காசு தராத பஸ் கண்டக்டரை மனதார மன்னித்தேன். எல்லாம் அந்த இலையின் வேலை என்று உள்ளுக்குள் ஒரே பெருமை. கண்ணாடிக்கு முன் நின்று கண் சிவந்திருக்கிறதா என்றுகூட இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

ஒருநாள் மனைவி சந்தைக்குப் போன நேரத்தில் மகளுக்கு ஃபோன் எடுத்து, சுற்றி வளைத்து, அந்தச் சாக்கு எண்ணெயில் மற்றது ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். மற்றதென்றால் எதை என்று அவள் கேட்டாள். சிவராத்திரிக்குச் சாமியார்கள் பிடிக்கிறது என்றேன். அவள் வெகுநேரம் சிரித்துவிட்டு, மயக்கம் தருகிற பாகத்தை எடுத்துவிட்டுத்தான் விற்கிறார்கள், அதைக் குடித்து ஒருவருக்கும் போதை ஏறாது என்று அடித்துச் சொன்னாள். பாவம், பிள்ளைக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆறு ரொட்டி சாப்பிட்டவனுக்கல்லவா தெரியும்.

மே மாதத்தில் என் மனைவியை அவளுடைய பழைய பள்ளிக்கூடத்துக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போதை ஒழிப்புக் கூட்டம். பிள்ளைகள் வரைந்த படங்களை மண்டபம் முழுக்க ஒட்டியிருந்தார்கள். முன் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டு, அதற்கு நேர் எதிரே மேசையில் அரைத்தாள் அளவுக்கு ஒரு படம்: ஏழு விரல் இலை, குறுக்கே சிவப்புச் சாயத்தில் பெரிய பெருக்கல் குறி. வரைந்த பிள்ளை நன்றாகவே வரைந்திருந்தாள். நரம்பு முதற்கொண்டு சரியாக இருந்தது. நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் குனிந்து காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் அவள் நிதானமாகப் பேசினாள். "ஒரு சொட்டுத்தானேன்னு யாரும் நினைக்கக்கூடாது, பிள்ளைகளே" என்றாள். எனக்கு வியர்த்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் தலைக்கு மேலே, கடைசி வரிசையையும் தாண்டி, எங்கோ சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும். சிங்களவர், பொலிஸில் சார்ஜனாக இருந்து ஓய்வுபெற்றவர். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா என்று மலைநாடு முழுக்கச் சேவை செய்ததில் அவருக்கு ஒரு மாதிரியான தமிழ் வரும். எனக்கு ஒரு மாதிரியான சிங்களம் வரும். இரண்டையும் கலந்து நாங்கள் தினமும் மூன்று மணிக்கு எங்கள் முன் அறையில் கரம் போர்டு விளையாடுவோம். அவருக்கு முழங்கால் வலி. அந்த வலியில் தூக்கம் கிடையாது. என் முகத்தில் தெளிவு கண்டதும் கேட்கத் தொடங்கிவிட்டார். என்ன மருந்து, யார் கொடுத்தது, எங்கே கிடைக்கும்?

சாக்கு எண்ணெய் என்றேன்.

"கோனி தெல்?" என்றார், சிங்களத்தில். நம்பாத பார்வை. போத்தலைக் கொண்டுவந்து காட்டினேன், இலைப் படத்தின் மேல் பெருவிரலை வைத்து மறைத்தபடி. அவர் மூடியைத் திறந்து மூக்கருகில் வைத்தார். ஏதோ நினைப்பவர்போல ஒரு கணம் நின்றார். பிறகு நாக்கை நீட்டினார். கஞ்சாப் பிடிப்பதில் மலைநாட்டிலேயே பெயரெடுத்த ஒரு பொலிஸ்காரரின் நாக்குக்கடியில் என் கையால் ஐந்து சொட்டு விட்டேன். அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் அவர் ஒரு போத்தல் இனிப்புக் கித்துள் பாணியோடு வந்தார். கட்டை மாதிரித் தூங்கினாராம். அவருடைய மனைவி பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தாளாம். அன்றிலிருந்து கரம் ஆட்டம் முடிந்ததும் சொட்டு வாங்கிக்கொண்டு போவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. இரண்டு பேர் குடித்தும் போத்தலில் எண்ணெய் இறங்குகிற வழியாக இல்லை. மகள் தாராளமாக நிரப்பி வாங்கியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

சந்தோஷம் மெல்ல மெல்ல உறுத்தலாக மாறியது. அவர் தன் பழைய வேட்டைகளைச் சொல்வார். எந்தக் காட்டில் எத்தனை செடி பிடுங்கினார், நல்லதண்ணிக்கு மலையேற வந்த பெடியன்களின் தலையணைக்குள் எப்படிக் கண்டுபிடித்தார் என்றெல்லாம். நான் காயைச் சுண்டுவதுபோல் குனிந்துகொள்வேன். நேர்மையான மனிதர். அவரை அறியாமல் அவரைக் குற்றவாளியாக்கி வைத்திருக்கிறேன்.

ஜூன் மாதம் ஒரு பின்னேரம், பனி ஜன்னலை மூடியிருந்தது. அவர் சிவப்புக் காயைக் குறிபார்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை மருமகன் வருகிறான் என்றார். மருமகன் போதைப்பொருள் பிடிக்கிற பிரிவில் இருக்கிறவர். கோனி தெல்லைப் பற்றிச் சார்ஜன் அவரிடம் சொன்னாராம். அவரும் வந்து போத்தலைப் பார்க்க வேண்டும் என்றாராம். அவருக்கும் தூக்கம் குறைவாம்.

எனக்கு ஆட்டம் மறந்துபோனது. இனி மறைத்துப் பயனில்லை என்று போர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, மகள் கொண்டுவந்தது, பெயர் புரியாமல் சணல் என்று சொன்னது, இலைப் படம், நான் பெருவிரலால் மறைத்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பிள்ளை மேல் தப்பில்லை, அந்த ஊரில் அது கடையில் விற்கிற சாமான் என்றேன். என்னைப் பிடித்துக்கொண்டு போவதானால் போகலாம் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

சார்ஜன் சிவப்புக் காயை நிதானமாகப் பைக்குள் தள்ளினார். அதற்கு மேல் இன்னொரு காயையும் போட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"டீமேக்கர் ஐயா, நம்மளுக்கு மொத நாளே தெரியும். மூடி தொறந்தப்பவே அந்த வாசம் வந்தது. நாப்பது வருசம் அந்த வாசம்தானே நம்மளுக்குச் சோறு போட்டது. கோர்ட்டுக்குப் பின்னால எத்தன சாக்குக் கஞ்சா நம்ம கையால எரிச்சது தெரியுமா. எரிச்ச அன்னைக்கு நம்ம நல்லாத் தூங்கினது."

மருமகன் வருவது வாழைக்குலை கொண்டுபோக என்றார். நான் தானாக ஒப்புக்கொள்கிறேனா என்று பார்க்கத்தான் அப்படிச் சொன்னாராம். பொலிஸ் வேலையில் அடிக்காமல் உண்மையை வாங்க இதுதான் வழியாம். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மூக்கின் மேல் மரியாதைதான் வந்தது. என் நாக்கு, அவருடைய மூக்கு. ஒரே இலையை இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறோம். அதைச் சொல்லிக் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

என் மனைவி தேநீர்த் தட்டோடு கதவருகில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கோப்பைகள் தட்டில் கிணுகிணுவென்று ஆடுகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினோம். அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். தட்டை வைக்க இடம் பார்த்து, கரம் போர்டின் மேலேயே வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு சாமான்களோடு வந்தாள். ஒன்று, சமையலுக்கு வாங்குகிற சூரியகாந்தி எண்ணெய்ப் போத்தல். மற்றது தேநீர் வடிகட்டி. அதில் எண்ணெயில் வதங்கிக் கறுத்த கொஞ்சம் இலை ஒட்டியிருந்தது.

"மோந்து பாருங்க, மாத்தயா" என்று வடிகட்டியைச் சார்ஜனிடம் நீட்டினாள். "நீங்க நாப்பது வருஷம் எரிச்சது இதுவான்னு சொல்லுங்க."

அது கொழுந்து. எங்கள் வீட்டு வேலியோரத்தில், தோட்டத்து நிலமாக இருந்த காலத்திலிருந்து மிஞ்சி நிற்கிற நாலு தேயிலைச் செடியின் பச்சைக் கொழுந்து. மகள் போத்தலைக் கொடுத்த அன்றே அவள் அதில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்துவிட்டிருக்கிறாள். செடியின் விஞ்ஞானப் பெயரும் அதில் இருந்ததாம். அதை அவள் சாதாரண தரப் பரீட்சை வகுப்புக்கே பாடம் நடத்தியிருக்கிறாள். எனக்குப் பிரஷருக்கு மாத்திரை ஓடுகிறது. அதோடு இது சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை; தெரியாததை எனக்குக் கொடுக்க மனமில்லை. வேண்டாம் என்று சொன்னால் பிள்ளை முகம் வாடும், நான் வீம்புக்காகக் குடிப்பேன். ஆகவே உள்ளே இருந்ததைக் குழாய் வைத்த வேறொரு மருந்துப் போத்தலில் ஊற்றிவிட்டு, இதைக் காய்ச்சி நிரப்பி வைத்திருக்கிறாள். குறையக் குறையப் புதிதாகக் காய்ச்சி ஊற்றியும் இருக்கிறாள். தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் உறைந்து காட்டிக்கொடுத்துவிடும், நல்லெண்ணெய் மணத்தில் நான் பிடித்துவிடுவேன் என்று கணக்குப் போட்டுத்தான் சூரியகாந்தி எண்ணெயைத் தேர்ந்தெடுத்தாளாம். பச்சை நிறமும் ஒரு கசப்பும் வேண்டும் என்பதற்காகக் கொழுந்து.

"முப்பத்து நாலு வருஷம் கொழுந்தோடயே குடும்பம் நடத்துனீங்களே" என்றாள் என்னைப் பார்த்து. "குளிர் தேசத்துப் புல்வெளின்னு சொன்னப்ப சிரிப்ப அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

நான் என் நாக்கைப் பற்றி அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. சார்ஜன் வடிகட்டியை இன்னொரு தரம் மோந்து பார்த்தார். முகர்ந்துவிட்டு மூக்கைத் தேய்த்தார். மூக்கடைத்துத் தடிமன் பிடித்திருக்கிறது என்றார்.

ஆனால் பொலிஸ்காரர் பொலிஸ்காரர்தான். தேநீரைப் பாதி குடித்தவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி டீச்சர். அப்ப அந்த உண்மையான சாமான் இப்ப எங்க இருக்குது?"

என் மனைவி ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கேள்வி கேட்டவள். அவளை யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பை எடுத்துச் சரிசெய்தாள். தையல் மெஷின் இழுப்பறையில் இருக்கிறது என்றாள். எவ்வளவு இருக்கிறது என்று சார்ஜன் கேட்டார். பாதி இருக்கும் என்றாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சார்ஜனுக்கு விளங்கிவிட்டது, அவர் கூரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பாதி எங்கே போனது என்று நான்தான் மடையன்போலக் கேட்டேன்.

வீசிவிடத்தான் நினைத்தாளாம். பிள்ளை அவ்வளவு தூரம் சுமந்து வந்ததை மண்ணில் ஊற்ற மனம் வரவில்லை. இரண்டு வருஷமாக என் நடையால் அவளுக்கும் தூக்கம் கெட்டு, உடம்பு வேறு திடீர் திடீரென்று கொதித்து வியர்க்கிற வயது. அவளுக்கு மாத்திரை ஒன்றும் ஓடவில்லை. ஒரு நாள் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஐந்து. அதற்குப் பிறகு அவள் எண்ணவில்லையாம். மே மாதத்தில் மேடையேறிப் பேசியதற்கு முதல் நாளும் விட்டிருந்தாள். என்னை ஏன் அன்று ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தூக்கம் வந்ததா என்று சார்ஜன் மெதுவாகக் கேட்டார். விசாரணைக் குரல் போய்விட்டிருந்தது. முழங்கால் வலிக்காரரின் குரல்.

"வந்துச்சு. ஆனா அதனாலதான்னு சொல்ல மாட்டேன் மாத்தயா. நான் குடிக்கத் தொடங்குன நாள்லேருந்து இவரு நடக்கிறத நிறுத்திட்டாரு. எது வேலை செஞ்சதுன்னு எப்படிப் பிரிச்சிப் பாக்கிறது? ஒரு பரிசோதனையில ஒரு விஷயத்தத்தான் மாத்தணும். நான் ரெண்ட மாத்திட்டேன்."

அதில் அவளுக்கு உண்மையாகவே வருத்தம் இருந்தது.

சார்ஜன் எழுந்து நின்றார். அவருடைய தீர்ப்பு எளிமையானது. அவர் ஓய்வுபெற்றுவிட்டார், சட்டம் இன்னும் ஓய்வுபெறவில்லை. இங்கிலாந்தில் கடைச் சாமானாக இருக்கலாம். இங்கே இந்த இலையின் எண்ணெய் வீட்டில் இருந்தால், அதில் போதை இருக்கிறதா இல்லையா என்று விளக்கிக்கொண்டு நிற்கிற வேலை நமக்கு வேண்டாம். மகள் இனிமேல் கொண்டுவரக் கூடாது. இருப்பதை இப்போதே அழிக்க வேண்டும்.

மூவரும் வீட்டுக்குப் பின்னால் போனோம். பனியில் லீக்ஸ் பாத்தி பாதிதான் தெரிந்தது. சார்ஜன் முழங்கால் வலியை மறந்து விறைப்பாக நின்றார். கோர்ட் வளவில் அப்படித்தான் நிற்பார்களாம். என் மனைவி போத்தலைக் கவிழ்த்தாள். எண்ணெய் மெல்ல மெல்ல இறங்கியது. கடைசிச் சொட்டு விழுகிறவரைக்கும் அவர் விடவில்லை. குழாயையும் அழுத்திக் காட்டச் சொன்னார். கரம் ஆட்டத்தின் புள்ளி எழுதுகிற கடதாசியின் பின்பக்கம் சிங்களத்தில் இரண்டு வரி எழுதி, என்னைச் சாட்சியாகக் கையெழுத்துப் போடவைத்தார். அதை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தாரோ தெரியாது. அவருடைய சட்டைப் பையிலேயே துவைபட்டுப் போயிருக்கும்.

மகளுக்கு அன்றைக்கே ஃபோனில் சொன்னோம். விட்டமின் போத்தல்களோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் எல்லோருக்கும் முன்னால் நடந்து வந்தோமே என்று அவள் பதறிப்போனாள். பிறகு அம்மா குடித்த கதையைக் கேட்டு, பதற்றத்தை மறந்து, முழுவதையும் முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அவளுடைய அம்மா ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உண்மை தெரிந்த அன்றே என் தூக்கம் போய்விட்டது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெட்கத்தை விட்டு, அந்தக் கொழுந்து எண்ணெயையாவது காய்ச்சிக் கொடு என்று கேட்டேன். காய்ச்சிக் கொடுத்தாள். நாக்கில் பட்டதும் அது எங்கள் வேலித் தேயிலை என்று பளிச்சென்று தெரிந்தது. எந்தப் பக்கத்துச் செடி என்றுகூடச் சொல்லியிருப்பேன். தூக்கம் வரவில்லை. சார்ஜனுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. இன்றுவரைக்கும் மாதம் ஒரு தரம் வெறும் போத்தலோடு வருகிறார். என்ன எண்ணெய் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் குடித்துவிட்டுத் தூங்குகிறார். எப்படி என்று கேட்டால், மேலதிகாரி சொன்னதை யோசிக்காமல் நம்பிப் பழகிய உடம்பு என்கிறார்.

நான் மறுபடி இருட்டில் நடக்கத் தொடங்கியதும் என் மனைவி ஒரு முடிவெடுத்தாள். தன் தலையணையையும் கம்பளியையும் தூக்கிக்கொண்டு மகளுடைய அறைக்குப் போய்விட்டாள். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தரம். கோபமா என்று கேட்டேன். இந்தத் தரம் ஒரு விஷயத்தைத்தான் மாத்துறேன் என்றாள். எண்ணெயும் இல்லை, சொட்டும் இல்லை, நடுவில் ஒரு சுவர் மட்டும். அவளுடைய பரிசோதனை பலித்துவிட்டது. நன்றாகத் தூங்குகிறாள்.

எனக்கு நாலு மணித்தியாலம் கிடைக்கிறது. இந்த வயதுக்கு அது போதும் என்று டொக்டர் சொல்கிறார். விழிப்பு வந்தால் எழுந்து கோப்பை அடுக்குவதில்லை. படுத்தபடியே சுவருக்கு அந்தப் பக்கம் அவள் விடுகிற குறட்டையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பழைய ஸ்டோர் இயந்திரம்போல ஒரே சீராக ஓடும். கேட்டுக்கொண்டே இருந்தால் எனக்கும் கண் சொக்கும். சில நாள் சத்தம் வராது. அப்போது மெதுவாக எழுந்துபோய்க் கதவில் காதை வைப்பேன்.

"உயிரோடதான் இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "போய்ப் படுங்க."